புதன்கிழமை நோயாளி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் ஆமாம் என்பாய், உன் ஆமாமை நம்பி நான் ஏமாந்ததெல்லாம் போதும். போனில் பேசினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசும்போது உன் பின்னால் யாராவது கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார்கள், நீயும் நடந்துகொண்டே பேசுகிறாய், நான் சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அதற்கு அப்படி அவசரத்தில் பதில் சொல்ல முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக நின்றபடியே எழுதிப் பழகிய கை, மேஜை ஆடாமல் இருந்தால்தான் அதற்குத் தடுமாற்றம்.

முதலில் வீட்டு நிலவரம். மாடி வீட்டு அக்காவின் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நம் குளியலறைக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது. அவரைக் கேட்டால் பிளம்பரிடம் சொல்லியாச்சு என்கிறார், பிளம்பரைக் கேட்டால் அந்த அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை என்கிறான், இரண்டு பேரில் யார் புளுகு என்று எனக்குத் தெரியும். ஆனால் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவரும் பேச்சை நிறுத்திவிடுவார், அப்புறம் இந்தக் கட்டிடத்தில் என்னிடம் பேச லிப்ட் மட்டும்தான் மிச்சம். சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன். பஸ்ஸிலும் இப்போது கண்டக்டர் கிடையாது, ஏறும் இடத்தில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், அட்டையைக் காட்டினால் பெண் குரலில் நன்றி என்கிறது. அன்றைக்கு என்னை அறியாமல் பரவாயில்லைம்மா என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டேன், பின்னால் ஏற நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே போங்க உள்ளே போங்க என்று கூட்டத்தைத் தள்ளித் தள்ளியே பிழைத்தவளுக்கு, இப்போது மேலே இடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் கிடைக்காதா என்றிருக்கிறது. உன் அப்பா இருந்தவரை அவருடைய குறட்டையாவது துணைக்கு இருந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ அழுதுகொண்டே சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் நீ. இந்த மேல்படிப்பை முடித்தால் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது டாக்டர் இல்லாத சின்ன கிளினிக்கில் நீயே ஆளைப் பார்த்து, நீயே இன்ன நோய் என்று சொல்லி, நீயே மருந்தும் எழுதலாம், அதற்காகத்தான் கடல் தாண்டிப் போனாய். இந்தத் தடவை கிளினிக் பயிற்சிப் பரீட்சையில் தலைசுற்றல் என்று ஒரு பெரியவர் வந்தார். ஒரே ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு கடையில் இரண்டு பெயரில் வாங்கி அவர் தினமும் இரண்டையும் போட்டுக்கொள்கிறார் என்பதை நீதான் பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடித்தாய். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை அழுத்தம் பார்த்தாய். எல்லாம் அழகாக எழுதினாய். கடைசியில், என்ன செய்யலாம் என்று எழுதவேண்டிய இடத்தில் மட்டும், டாக்டரைக் கேட்டு முடிவு செய்யவும் என்று எழுதிவிட்டாய். உனக்கு மார்க் போட உட்கார்ந்திருந்த டாக்டர், நீங்க ரொம்ப நல்ல நர்ஸ்தான், ஆனா நான் இன்னைக்குப் பார்க்க வந்தது நர்ஸை இல்லையே என்றாராம். பெயில். அந்தப் பருவம் முழுவதையும் திரும்பப் படிக்கவேண்டும், படிக்கிறாயா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் காலேஜுக்குச் சொல்லவேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு நீ கேட்டாய், "அம்மா, நான் திரும்பி வந்துடட்டுமா? நீ சொல்லு. நீ சொன்னா வந்துடறேன்" என்று. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

வைத்த கையோடு என்ன செய்தேன் தெரியுமா, உன் அறையைத் திறந்தேன். நீ போன பிறகு அது அறையாகவா இருந்தது, இஸ்திரி மேஜை, உடைந்த மின்விசிறி, பழைய செய்தித்தாள், உன் அப்பாவின் செருப்புகள் என்று போக்கிடம் இல்லாத சாமான்களுக்கெல்லாம் புகலிடம். எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டேன், முழங்கால் என்ன சொன்னாலும் காதில் வாங்கவில்லை. ஜன்னல் திரையைத் துவைத்தேன், மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டேன், உன் தலையணை பஞ்செல்லாம் ஒரு மூலைக்குப் போய்க் கல்லாகிக் கிடந்ததால் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். மாடி வீட்டு அக்காவிடம் பொண்ணு வரப்போறா என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். படிப்பு முடிஞ்சுடுச்சா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன் மாமாவிடம் போனில் சொன்னால் அவன் வேறு, "பேசாம வரச் சொல்லுக்கா, நர்ஸ் வேலை எங்கயும் கிடைக்கும், இந்த வயசுல அவளுக்கு எதுக்குப் பரீட்சையும் அழுகையும்" என்று ஒத்து ஊதினான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. பாவம் குழந்தை, அந்தக் குளிரில் ஏன் தனியாகக் கஷ்டப்படவேண்டும் என்று உன்மேல் ஒரே இரக்கம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அடுத்த ஞாயிறு நீ போன் செய்தால் வந்துடு என்று சொல்வதாக முடிவே செய்துவிட்டேன்.

அதற்குள் புதன்கிழமை வந்தது. புதன்கிழமை என்ன என்று கேட்பாய், இதுவரை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த சங்கதி ஒன்று இருக்கிறது. முழங்காலைக் காட்டப் போனேனே, அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் நர்சிங் காலேஜிலும் நீ படிக்கும் படிப்பையே ஆரம்பித்திருக்கிறார்கள். படிக்க வந்தவர்கள் பார்த்துப் பழகுவதற்குப் பொய் நோயாளிகள் தேவை, நடிக்கத் தெரியவேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம், ஆனாலும் போய்ப் பெயரைக் கொடுத்தேன். என் பெண்ணும் இதைத்தான் படிக்கிறாள், அது என்ன படிப்பு என்று தெரிந்துகொள்ள ஆசை என்று அங்கே சொன்னேன், அது பாதி உண்மை. போன மாதம் எனக்குச் சர்க்கரை, இந்த மாதம் தைராய்டு. சோர்வாக இருக்கிறது, வெயிலிலும் குளிர்கிறது, சாப்பாடு குறைந்தும் உடம்பு ஊதுகிறது, முடி கொட்டுகிறது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டா மட்டும் சொல்லுங்கம்மா, கேக்காததை நீங்களா சொல்லாதீங்க என்பது அந்த டீச்சரின் சட்டம். இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கேட்காதவனுக்கும் சேர்த்துச் சொன்ன வாய் இது, எவ்வளவு கஷ்டம் என்று நீயே யோசித்துப் பார்.

அறை சின்னது. ஒரு கட்டில், அதன்மேல் தாள் விரிப்பு, நகர்ந்தால் சரசரவென்று சத்தம் போடும். ஒரு கை கழுவும் தொட்டி, ஒரு சுவர்க் கடிகாரம், எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி, அதன் அந்தப் பக்கம் டீச்சர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், நமக்கு நம் முகம்தான் தெரியும். ஒவ்வொருவராக வருவார்கள், எல்லாம் உன்னை மாதிரி வார்டில் பழுத்தவர்கள். ஒருத்தி என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள், ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பான், ஒருத்தி முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுங்க, விடுங்க என்பாள். நான் புதன்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது பாப்பா, வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்மேல் ஒரு மனிதக் கை படுகிறது. மீதிப் பாதி உண்மை அதுதான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள், அது அவர்களுடைய பாடத்தில் உண்டு. மகள் கூடவே இருக்கிறாள் என்று சொல்லத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்துல மட்டும் உங்களுக்கு நடிப்பு ரொம்ப இயல்பா வருதும்மா என்று டீச்சர் ஒருநாள் பாராட்டினார்.

டீச்சர் நல்லவர்தான், கறார். இவர்களுக்கெல்லாம் எங்கே தடுக்குகிறது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். வார்டுக்கு நோயாளி வரும்போதே நோயின் பெயரும் கூடவே வந்துவிடும், இவங்க அதுக்கு மேல எல்லாத்தையும் பிரமாதமா செய்வாங்க. கிளினிக்ல ஆள் மட்டும் வருவான், பெயர் வராது, அதை இவங்கதான் வைக்கணும், அங்கதான் நின்னுடறாங்க என்றார். அதைக் கேட்டபோது அது உன்னைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சொன்ன பிறகுதான் உறைத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள், நான் அவளுக்கு வைத்த பெயர் சில்லுக்கை. அவ்வளவு குளிர்ந்த கை, தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மன்னிச்சுக்கங்கம்மா என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். உன் வயசுதான் இருக்கும், குழந்தைகள் வார்டில் இருந்து வந்தவள். நான் சொன்ன அந்தப் புதன்தான் அவளுக்குப் பரீட்சை, நோயாளி நான். வாசலில் நின்றபோதே அவள் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். கேட்கவேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டாள். வெயிலில் குளிர்கிறதா என்பதைக்கூட அவளாகவே கேட்டாள், எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. நகத்தைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், பின்னால் நின்று கழுத்தைத் தொட்டு எச்சிலை விழுங்கச் சொன்னாள். அப்புறம் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இனி நோய் இன்னது, செய்யவேண்டியது இன்னது என்று எனக்குச் சொல்லவேண்டும், அதோடு முடிந்தது. அவளோ, "சரிம்மா, நீங்க கொஞ்சம் இருங்க, டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகின வார்த்தை, அவள் எங்கே சொன்னாள், வாய் தானாகச் சொன்னது. டீச்சர் கதவைத் திறந்து, "இந்த ரூமுக்கு டாக்டர் யாரும் வரமாட்டாங்க. இவங்க உங்களை நம்பி வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அவள் திரும்ப உட்கார்ந்தாள். கையைத் தேய்த்துக்கொண்டாள், தொடுவதற்கு ஒன்றும் இல்லாமலே தேய்த்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள் பாரு, நீ சொல்லேன் என்பது போல ஒரு பார்வை. எனக்கு அவள் தெரியவில்லை, நீதான் தெரிந்தாய், அந்தப் பெரியவர் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நீ இப்படித்தானே உட்கார்ந்திருப்பாய் என்று பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாக மேலே போய்க் கழுத்தைத் தடவியது. அவள் அதைப் பார்த்தாள். உடனே, தைராய்டு சுரப்பு குறைவா இருக்கும்னு நினைக்கிறேன், ரத்தப் பரிசோதனைக்கு எழுதறேன் என்று கடகடவென்று சொல்லி முடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டீச்சரும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பரீட்சை செல்லாது, வேறு ஒரு நாள் திரும்ப எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு இவங்ககிட்ட வர்ற நோயாளி எல்லாரும் கழுத்தைத் தடவிக் காட்டுவாங்களாம்மா?" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள், நான்தான் அந்த ஆண்டி.

வராந்தா பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தப்பா எடுத்துக்காதேம்மா, உனக்கு நல்லது பண்ணணும்னுதான் என்று ஆரம்பித்தேன். உள்ளுக்குள், அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது, ஒளிப்பானேன். அவள் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "கழுத்துலதான் விஷயம் இருக்குன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சும்மா. வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீங்க காட்டாம இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனா மாட்டேனான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப அது எனக்குத் தெரியாமலே போச்சு" என்றாள். அப்புறம் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு, முழங்காலைப் பார்த்துக்கங்க என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். என் முழங்கால் வலி நிஜம் என்பதை அவள் நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள் பாப்பா, அதை நான் அந்தக் காலேஜில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கட்டிலில்தான் உட்கார்ந்தேன், புதுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு. நான் வா என்றால் நீ வந்துவிடுவாய், அது எனக்கு நன்றாகத் தெரியும். வந்து இந்த அறையில் படுப்பாய், பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பாய், எனக்கு டீ போட்டுக் கொடுப்பாய். என்றைக்காவது ஒரு நாள் ஏதோ ஒரு நோயாளியின் பக்கத்தில் டாக்டருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது, இன்னும் ஒரு தடவை எழுதியிருந்தால் தேறியிருப்பேனோ என்று நினைப்பாய். என்னிடம் சொல்லமாட்டாய், சௌக்கியம் என்பாய். சரி, இருந்து படி என்று சொல்லலாம் என்றால் அதுவும் அதே கதைதான், அம்மா சொன்னாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பாய், படித்துவிட்டுக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் யார் முகத்தையாவது பார்ப்பாய். அதனால் வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. அதற்கு நான் ஆள் இல்லை. என் ஆசை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, சாய்ந்த தராசில் யாராவது நிறுப்பார்களா.

ஆனால் நீ முடிவு செய்வதற்குத் தெரியவேண்டியதை மறைக்கவும் மாட்டேன், கேட்டால் சொல்லவேண்டும் என்பதுதானே டீச்சரின் சட்டம். எனக்கு உடம்புக்கு முழங்கால் தவிர ஒன்றும் இல்லை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், மாமா மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறான். தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதுவும் சாயங்காலத்தில் விளக்குப் போட எழுந்திருக்கும்போது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. நீ வந்தால் அது போய்விடும். வராவிட்டாலும் நான் செத்துவிடமாட்டேன். இரண்டும் உண்மை, இதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையை மடியில வச்சுக்கிட்டு உட்காருவேன்னு வாக்குக் கொடுத்தா அடுத்த புதனும் வாங்க என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், போகத்தான் போகிறேன். மாடி வீட்டு அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், படிப்பு முடியவில்லை, வருகிறாளா என்று இன்னும் தெரியாது என்று. அவர் குழாயைப் பற்றி உண்மை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

காலை வேளையில் வெறும் காபியோடு ஓடாதே, ஒரு முட்டையாவது சாப்பிட்டுவிட்டுப் போ. நின்று நின்று உன் கால் என் கால் மாதிரி ஆகிவிடப் போகிறது, நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கு. அந்தத் தலைசுற்றல் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று போய் விசாரி. அன்றைக்கு நீ மட்டும் இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று உனக்கு நீயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார், எனக்கு எழுதவேண்டாம். எங்கே இருந்தாலும் நீ நோயில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்ன பண்ணட்டும் என்று கேட்காதே, நீ என்ன முடிவு செய்தாய் என்பதைச் சொல். எதுவாக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லப்போகிறேன், ஆனால் அந்தச் சரி என் வாயிலிருந்து வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். சத்தம் வரவில்லையே, லைன் போய்விட்டதோ என்று வைத்துவிடாதே பாப்பா. நான் இந்தப் பக்கம் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா